கணுக்காலுக்குக் கிடைத்த பதில்

விடிந்ததும் மங்கையர்க்கரசியின் இடது கணுக்கால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது.

“வணக்கம்மா. நல்லாத் தூங்குனீங்களா? இன்னைக்கு நான் எப்படி இருக்கேன்?”

“ஏதோ இருக்க,” என்றாள் மங்கையர்க்கரசி, போர்வைக்குள் இருந்தபடியே.

“ஏதோன்னா எவ்வளவும்மா? பூஜ்யத்துல இருந்து நூறுக்குள்ள ஒரு எண் சொல்லுங்க.”

“காலங்காத்தால உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு. ஒரு நாப்பது போட்டுக்கோ.”

“நேத்தும் நாப்பதுதாம்மா சொன்னீங்க. ஆனா நேத்து சாயங்காலம் மேல் அலமாரியில இருந்த ஊறுகாய் ஜாடியை எகிறிக் குதிச்சு எடுத்தீங்க.”

“வேவு பாக்குறியா? நாப்பதுன்னா நாப்பதுதான்.”

கணுக்கால் பெருமூச்சு விட்டது. நுரையீரல் இல்லாத உறுப்பு எப்படிப் பெருமூச்சு விடும் என்று கேட்காதீர்கள். மங்கையர்க்கரசியிடம் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டால் நாற்காலிகூடப் பெருமூச்சு விடும்.

செவ்வாய்க் கிரகத்தில் செம்மண்பேட்டை என்கிற அந்தக் குடியிருப்பில் இதெல்லாம் அதிசயமே இல்லை. காலையில் குவிமாடத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் குனிந்து தன் காலோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பது காதில் விழும். செவ்வாயில் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதைப்போல மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வந்து இறங்கிய முதல் வாரத்தில் எல்லோருக்கும் தலைகால் புரியாது. எழுபது வயதுக்காரர் படியில் ஏறாமல் மாடிக்கே குதிப்பார். ஆனால் எடை குறைந்ததே தவிர உடம்பு குறையவில்லையே! துள்ளி ஓடித் திரும்பும் இடத்தில் உடம்பு ஒரு பக்கம் போகும், பாதம் இன்னொரு பக்கம் நிற்கும். நடுவில் மாட்டிக்கொள்வது கணுக்கால். செம்மண்பேட்டையில் கணுக்கால் முறியாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்: ‘பையன் வீட்டை விட்டே வெளியே போக மாட்டான் போலிருக்கே!’

முறிந்த இடத்தில் அரிசிமணி அளவில் ஒரு கருவியை ஊசியில் ஏற்றிவிடுவார்கள். அதற்கு எலும்புத்தோழன் என்று பெயர். உடைந்த எலும்பை அது பசைபோட்டு ஒட்டும், சூடு பார்க்கும், வீக்கம் பார்க்கும். எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் வாயைத் திறந்து உங்களையே கேட்கும்: நான் எப்படி இருக்கேன்?

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய காலத்தில் படம் எடுத்துப் பார்த்து, “எலும்பு சேர்ந்துடுச்சு, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார்களாம். எலும்பு அழகாகச் சேர்ந்தவர் படி ஏற முடியாமல் அழுதுகொண்டிருப்பார். கோணலாகச் சேர்ந்தவர் கல்யாண ஊர்வலத்தில் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருப்பார். கால் யாருடையதோ அவரையே கேட்டுப் பார்த்தால் என்ன என்று மனித குலத்துக்குத் தோன்றுவதற்குள் மனித குலம் செவ்வாய்க்கே வந்து சேர்ந்துவிட்டது. தோன்றியதும் அதைச் சட்டமாகவே போட்டார்கள். அதுதான் தன்வாக்குச் சட்டம். படமும் தீர்ப்பல்ல, மருத்துவரும் நீதிபதியல்ல. கால்காரர் தன் வாயால், மனதாரச் சொல்லும் மதிப்பெண்தான் குணம்.

சட்டம் எழுதியவர்கள் ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எப்படி இருக்கிறார்களோ அதைச் சொல்லுகிற ஜனங்களுக்காக அதை எழுதியிருந்தார்கள். செம்மண்பேட்டையில் இருந்ததோ தமிழர்கள்.

மங்கையர்க்கரசியின் பரம்பரையில் இதுவரை ஒருவரும் “நான் முழுக்க நல்லா இருக்கேன்” என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். “ஏதோ இருக்கேன்”, “பரவாயில்ல”, “ஓடுது” என்பவைதான் உச்சபட்ச ஆரோக்கிய அறிக்கைகள். அவளுடைய பெரியப்பா ஒருவர் தொண்ணூற்றாறு வயதில் மல்யுத்தப் போட்டியில் ஜெயித்துவிட்டு, மேடையிலேயே “உடம்பு முன்ன மாதிரி இல்லப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பையை வாங்கினாராம். மங்கையர்க்கரசி சத்தியம் செய்கிறாள். நம்புவது உங்கள் இஷ்டம்.

சாதாரணமாக இருந்தால் நாற்பது என்ன, நான்கு என்று சொல்லிக்கொண்டு ஆயுள் முழுக்கப் படுத்திருக்கலாம். சிக்கல் வெள்ளிக்கிழமை வடிவத்தில் வந்துகொண்டிருந்தது.

செம்மண்பேட்டைக்குத் தண்ணீர் வடதுருவத்திலிருந்து வர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை இருபது பனிவண்டிகள் வரிசை கட்டிப் போய், துருவத்துப் பனியைப் பாளம் பாளமாக வெட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு வண்டியும் இரண்டு மாடி உயரம். அந்த வரிசைக்குப் பனித்தொடர் என்று பெயர். அதன் முதல் வண்டியை, அதாவது தலைவண்டியை, பதினொரு வருடமாக ஓட்டுகிறவள் மங்கையர்க்கரசி. ஐம்பத்தெட்டு வயது. அவள் தலைவண்டியில் ஏறி உட்கார்ந்தால் புழுதிப்புயலே ஒதுங்கி வழிவிடும் என்று ஊரில் பேச்சு. பேச்சை ஆரம்பித்து வைத்தவளும் அவளேதான்.

தலைவண்டியின் இடது பக்கத்தில் பிடிமிதி என்று ஒன்று இருக்கிறது. சறுக்கும் இடத்தில் அதை இடது காலால் ஓங்கி மிதித்தால்தான் சக்கரங்கள் பனியைக் கவ்வும். அதனால் ஓட்டுநரின் கால் மதிப்பெண் எண்பதுக்குக் கீழே இருக்கக்கூடாது. அடுத்த பனித்தொடர் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறது. எண்பது வரவில்லையென்றால் தலைவண்டி குமரகுருவுக்குப் போகும். ஊர் வழக்கப்படி, ஒருமுறை கைமாறிய தலைவண்டி, வாங்கினவர் தானாக இறங்குகிறவரை திரும்பி வராது. குமரகுருவுக்கு நாற்பத்தைந்து வயதுதான் ஆகிறது. அவனாக இறங்குவதற்குள் மங்கையர்க்கரசியை நாலு பேர் சேர்ந்து இறக்கிவிடுவார்கள்.

குமரகுரு இரண்டாவது வண்டிக்காரன். பதினொரு வருடமாக அவள் வண்டி கிளப்புகிற செம்புழுதியைத் தின்றுகொண்டே துருவத்துக்குப் போய்த் திரும்பியவன். அப்படியும் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. வாயைத் திறந்தால் சர்க்கரை ஆலை. “அக்கா, அக்கா” என்று உருகுவான். அவளுக்குக் கால் முறிந்த நாளிலிருந்து தினமும் இரண்டு காற்றடைப்புக் கதவுகளைக் கடந்து, கையில் ஆப்பிளோடு பார்க்க வருகிறான். செவ்வாய் ஆப்பிள் என்றால் நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். ஆனாலும் ஆப்பிள் ஆப்பிள்தானே.

“ரொம்ப வலிக்குதாக்கா?” என்று கேட்கும்போதே அவனுக்குக் கண் கலங்கும்.

ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வந்து, ஆப்பிளை மேசையில் வைத்து, கண்கலங்கிக் கேட்கும்போது, “இல்லப்பா, வலியே இல்ல” என்று எப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்வது? மங்கையர்க்கரசிக்கு அந்த மாதிரி மரியாதை கெட்ட பழக்கம் கிடையாது. வருகிறவர்களின் கையைப் பார்த்து வலியை அளந்து கொடுப்பாள். ஆப்பிளுக்கு லேசான முனகல். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு, “ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல.” யாராவது கோழி ரசம் கொண்டுவந்துவிட்டால், “உயிர் மேல போயி, உன் முகத்தைப் பாக்கணும்னே திரும்பி வந்துச்சுடி!”

கால் முறிந்த கதையும் ஆளுக்கு ஆள் வளர்ந்தது. பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்று பழுது பார்ப்பதற்கென்று ஒரு பள்ளம் உண்டு. அதைத் தாண்டும்போது விழுந்தாள். முதல் நாள் கதையில் அது சாதாரணப் பள்ளமாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் அதற்குள் ஒரு பனித்தொடரையே நிறுத்தி வைக்கிற அளவுக்கு அகலமாகிவிட்டது.

அத்தனையையும் கணுக்கால் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டப்படி, தன்னைப் பற்றிக் கால்காரர் யாரிடம் என்ன சொன்னாலும் அது வாக்குமூலம். ஒவ்வொரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கும் மதிப்பெண் இறங்கியது.

இதைக் குமரகுரு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். அதன் பிறகு ஆப்பிளோடு ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். அவன் மனைவியின் யோகா குழு வந்தது, அடுத்த குவிமாடத்துப் பஜனைக் குழு மத்தளத்தோடு வந்தது, மங்கையர்க்கரசியை முன்பின் பார்த்தே இராத நாலு பேர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

“அவன் பழம் கொண்டுவரல, உனக்குப் பள்ளம் தோண்டுறான்,” என்றார் அவள் கணவர் தணிகாசலம். அவர் பசுமைக்கூடத்தில் கத்தரி நாற்றுகளைப் பராமரிக்கிறவர். வீட்டுக்கூடம் முழுக்க நாற்றுத் தட்டுகளைப் பரப்பி வைத்திருப்பார்.

“அதுக்காக, வீடு தேடி வந்தவங்களை வெறுங்கையா அனுப்பச் சொல்றீங்களா? நாலு வார்த்தை வலியைச் சொன்னாத்தானே வந்ததுக்கு அவங்களுக்கும் ஒரு திருப்தி?”

புதன்கிழமை தணிகாசலத்தோடு மருத்துவர் ஜெபமணியிடம் போனாள். அவர் படம் எடுத்தார், அமுக்கிப் பார்த்தார், குதிக்கச் சொன்னார். குதித்தாள். கூரை விளக்கு உடைந்தது.

“எலும்பு இரும்பாட்டம் இருக்கும்மா,” என்றார் ஜெபமணி, தலையிலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டபடி. “இந்தக் காலை வச்சு நீங்க பாறையை உடைக்கலாம்.”

“அப்ப எண்பதுன்னு எழுதிக் கொடுங்க டாக்டர்.”

“நான் எப்படி எழுதுறது? சட்டப்படி உங்க கால் பத்தி எனக்குக் கருத்தே கிடையாது. உங்க வாயால வரணும். மனசாரவும் வரணும். சும்மா ஒப்பிச்சா எலும்புத்தோழன் கண்டுபிடிச்சிடும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்.”

மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். தணிகாசலம் முன்னெச்சரிக்கையாக இரண்டு கைகளாலும் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார்.

“நான்...” என்று ஆரம்பித்தாள். “நான் முழுசா... என் கால்... நூறு...” வியர்த்துவிட்டது. “நூறுன்னா என்ன, நான் என்ன தெய்வப் பிறவியா? தொண்ணூறு. தொண்ணூறுகூட ரொம்ப ஜாஸ்தி, கேக்குறவங்க என்ன நினைப்பாங்க? எண்பது. எண்பது போட்டுக்கோ. ஆனா பனி நேரத்துல மட்டும் லேசாக் குடையும். அப்புறம் சம்மணம் போட்டு உக்காந்தா ஒரு மாதிரி...”

“ஐம்பத்தி ரெண்டும்மா,” என்றது கணுக்கால் வருத்தத்தோடு.

“டேய், எண்பதுன்னு சொன்னேன்ல!”

“அதுக்கப்புறம் ரெண்டு வலியும் சேத்துச் சொன்னீங்கம்மா. வலியைச் சொல்லும்போதுதான் உங்க குரல்ல மனசு இருந்துச்சு. ஒரே ஒரு தடவை ‘நல்லா இருக்கேன்’னு தைரியமாச் சொல்லிடுங்களேன். கெஞ்சிக் கேக்குறேன். எனக்கு அப்புறம் வந்த தோழனுங்கல்லாம் வேலையை முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.”

“சொல்லி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு காலும் போயிடும். அப்ப ஆளுக்கு ஒரு பக்கம் ரெண்டு பேரா உக்காந்து என் உசிரை எடுப்பீங்க.”

ஜெபமணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். புயலைக் கண்டு பயப்படாதவள், பிளவுகளை வண்டியோடு தாண்டியவள், இரண்டே சொல்லில் தோற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பட்டறை வாசலில் தலைவண்டி தெரிந்தது. யாரோ அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தணிகாசலம் சொன்னபோதுகூடத் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் குமரகுரு வந்தான். ஆப்பிள் இல்லை. புது ஓட்டுநர் சட்டை போட்டிருந்தான். காலில் விழுந்து எழுந்தான்.

“நாளைக்குக் கிளம்புறேங்கக்கா. நீங்க உக்காந்த இடத்துல உக்காரப் போறேன்னு நினைச்சாலே நெஞ்சு அடைக்குது. உங்க ஆசீர்வாதம் வேணும்.”

“நல்லா இருப்பா,” என்றாள் மங்கையர்க்கரசி. அடுத்தவரை அப்படி வாழ்த்துவதில் அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை.

அத்தோடு அவன் கிளம்பியிருந்தால் தலைவண்டி அவனுடையது. ஆனால் நல்ல முறையில் வளர்ந்த பிள்ளை அல்லவா? மரியாதை தெரிந்தவன். போகிறபோக்கில், அரசியல்வாதி மேடையில் கும்பிடுவதுபோல ஒரு சம்பிரதாயத்துக்கு, வழிப்படத்தைச் சுவரில் விரித்துக் காட்டினான். பிறகு அந்த வார்த்தையையும் சொல்லித் தொலைத்தான்.

“நான் போட்ட பாதைக்கா. சின்னப் பையன் போட்டது. பாத்து, ஏதாச்சும் திருத்தம் இருந்தா சொல்லுங்க.”

இந்த வாக்கியத்துக்கு அர்த்தம், ‘பிரமாதம் தம்பி’ என்று சொல்லி வழியனுப்புங்கள் என்பது. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். மங்கையர்க்கரசியும் ‘பிரமாதம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறக்கும்போது கண் படத்தின்மேல் விழுந்துவிட்டது.

“இதென்ன பச்சைக் கோடு?”

“பாதைக்கா.”

“பாதையைப் பச்சையிலயா போடுவாங்க? இங்க புல்லா முளைச்சிருக்கு? சரி, அது போகட்டும். மணல்மேட்டுக்கு இந்தப் பக்கமா போற?”

“சுருக்கு வழிக்கா...”

“சுருக்கு வழியா! சுருக்குக் கயிறு மாதிரியில்ல இருக்கு!” அவள் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். “இங்க மண்ணு மாவு மாதிரி இருக்கும்டா. முதல் வண்டி போயிடும், ரெண்டாவது போயிடும், மூணாவது வண்டியிலேர்ந்து பல்லி சுவத்துல ஒட்டின மாதிரி ஒட்டிக்கும். யாருடா உனக்கு லைசென்ஸ் கொடுத்தது? அவரை முதல்ல பாக்கணும். அந்தப் பள்ளத்தாக்குல எந்த வேகத்துல போறதா உத்தேசம்?”

அவன் சொன்னான். அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள்.

“ஏங்க! இந்தக் கூத்தைக் கேட்டீங்களா!”

தணிகாசலம் நாற்றுத் தட்டில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மனைவியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கையர்க்கரசி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விறுவிறுவென்று போனாள், இடது குதிகாலில் பம்பரமாகச் சுழன்று திரும்பினாள், சரிவில் எப்படி இறங்க வேண்டும் என்று காட்டுவதற்காகப் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தாள். பிடிமிதியை எப்போது மிதிக்க வேண்டும் என்று இடது காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டினாள். கீழ் வீட்டில் பாத்திரங்கள் உருண்டன. பாதையிலிருந்து குமரகுருவின் வண்டி சுத்தத்துக்குப் போனாள். அங்கிருந்து அவன் சட்டைக்கு, சட்டையின் பித்தானுக்கு, போன வருடம் அவன் கொடுத்த விருந்தில் பாயசத்தில் முந்திரி இல்லாததற்கு. “தண்ணி வாரியத்துல உக்காந்திருக்கிறவங்களைச் சொல்லணும், கண்ணு தெரியாத கூட்டம்! வண்டிச் சக்கரத்துக்குக் காத்து அடிக்கிறானே அந்த ரோபோ, அவனைச் சொல்லணும்! அவனுக்கு நாலு கை இருந்து என்ன பிரயோசனம்?” என்றவள், நாற்றுத் தட்டுகளை ஒரே எட்டில் தாண்டிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். முகம் சிவந்து, கண் பளபளத்து, பத்து வயது குறைந்திருந்தது.

அப்போதுதான் கணுக்கால் மெதுவாகக் கேட்டது. “அம்மா... நான் எப்படிம்மா இருக்கேன்?”

“யாருடா அது நடுவுல?” என்று சீறினாள் மங்கையர்க்கரசி. “பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல!”

“ரொம்ப நன்றிம்மா,” என்றது கணுக்கால். “நூறு. முழு மனசோட சொன்ன நூறு. பதிஞ்சாச்சு. என் வேலை முடிஞ்சுது, எலும்போட கரைஞ்சிடுறேன். போயிட்டு வரேம்மா.”

அது விடைபெற்றுப் போனது அவள் காதில் விழவே இல்லை. மூன்றாவது வண்டியின் இடைவெளியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். தணிகாசலம்தான் எழுந்து, ஆளில்லாத திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

குமரகுரு சும்மா இருப்பானா? சிரித்த முகத்தோடு நேராக மருத்துவ நிலையத்துக்குப் போய் முறையிட்டான். “அக்கா குணமானா என்னைவிடச் சந்தோஷப்படுற ஆள் கிடையாது டாக்டர். ஆனா ‘யாருடா அது’ங்கிறது எண்ணா, நீங்களே சொல்லுங்க? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?”

விஷயம் மைய நலக்கணினிக்குப் போனது. செவ்வாயைச் சுற்றும் நிலவொன்றின் குகைக்குள் இருக்கிறது அந்தப் பெரிய மூளை. செவ்வாயிலிருக்கும் அத்தனை கால்களுக்கும் அதுதான் உச்ச நீதிமன்றம். அது சொன்னது: ‘உறுப்பை மறந்து பிறரைக் குறை கூறுதல் ஆரோக்கியத்தின் அடையாளம் என்பதற்கு மனித வரலாற்றில் முன்னுதாரணம் உண்டா? தொடர் கிளம்புவதற்குள் காட்டுக.’

ஜெபமணி ஆவணக் காப்பகத்தில் புகுந்தார். இருபத்தோராம் நூற்றாண்டு வரை போனார். பூமியில், ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் குடியிருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு கைப்பேசிக் குழு வைத்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு நாளில் அவர்கள் பரிமாறிக்கொண்ட செய்திகள் அப்படியே கெட்டுப்போகாமல் கிடைத்தன. வேறு எதுவும் சேர்க்காமல் அதை மட்டும் கணினிக்கு அனுப்பினார்.

ஒரு கோடி எலும்புப் படங்களை இமைப்பொழுதில் பார்த்துவிடும் கணினி, அதைப் படிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டு முறை படித்ததாகப் பிற்பாடு தெரிந்தது. பிறகு தீர்ப்பு வந்தது. செம்மண்பேட்டையின் தெருச் சுவர்களிலெல்லாம் அதை ஓடவிட்டார்கள்.

‘ஆவணம் ஆராயப்பட்டது. இக்குடியிருப்பில் வாழ்ந்தோர் விடியலில் தொடங்கி நள்ளிரவு வரை லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, காவலாளி, அரசாங்கம், வானிலை, அடுத்த வீட்டு நாய், அடுத்த நாட்டு அதிபர், பார்க்காத திரைப்படம் ஆகியவற்றைக் குறித்து இடைவிடாது குறை கூறியுள்ளனர். இவர்களில் பலருக்கு முழங்கால் வலியும் முதுகு வலியும் இருந்ததாக வேறு ஆவணங்கள் கூறுகின்றன. ஆயினும் மேல்மாடியிலிருந்து எவரோ தண்ணீர் சிந்தியதைப் பற்றிப் பேசும்போது எவருக்கும் எந்த வலியும் இருந்ததாகத் தெரியவில்லை. மனித குலத்தின் மிக ஆரோக்கியமான தலைமுறை இதுவே எனக் கருதுகிறோம். மங்கையர்க்கரசியின் நூறு ஏற்கப்படுகிறது. இன்று முதல் தன்வாக்கு மதிப்பெண்ணோடு குறைகூறல் அளவும் கணக்கில் கொள்ளப்படும். எதிலும் எவரிடமும் குறையே காணாதவர் உடனடியாக மருத்துவக் கண்காணிப்பில் வைக்கப்படுவார்.’

வெள்ளிக்கிழமை காலையில் செம்மண்பேட்டையே பட்டறை வாசலில் நின்றது. பஜனைக் குழு அதே மத்தளத்தோடு வந்து, இந்த முறை சந்தோஷமாக அடித்தது. மங்கையர்க்கரசி ஏணியில் ஏறவில்லை. தரையிலிருந்து ஒரே எம்பு. இரண்டாம் மாடி உயரத்திலிருந்த ஓட்டுநர் கதவின் விளிம்பில் போய் நின்றாள். ஊர் ஆர்ப்பரித்தது. பின்னாளில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் மூன்றாம் மாடி என்றார்கள். நான் கொஞ்சம் அடக்கிச் சொல்கிறேன்.

“கண்ணாடியை எவன் தொடச்சது? திட்டுத் திட்டா இருக்கு!” என்று மேலேயிருந்து கத்தினாள். ஜெபமணி கைதட்டினார்.

செய்திக் கேமராக்கள் குமரகுருவை மொய்த்தன. தோற்ற மனிதன் என்ன சொல்லப் போகிறான் என்று ஊரே பார்த்தது. அவன் கைகூப்பினான். சர்க்கரை ஆலை திறந்தது.

“எனக்கு எந்த வருத்தமும் இல்லங்க. அக்கா போறதுதான் நியாயம். வாரியம் எடுத்த முடிவு சரி, கணினி சொன்ன தீர்ப்பு சரி, எல்லாமே ரொம்ப நல்லா இருக்கு. யார் மேலயும் எனக்கு ஒரு சின்னக் குறைகூடக் கிடையாது.”

அவன் முடிப்பதற்குள் இரண்டு மருத்துவ ரோபோக்கள் வந்து அவனைத் தூக்குப் படுக்கையில் கிடத்தின. “பயப்படாதீங்க, ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சாச்சு” என்று ஒன்று அவன் நெற்றியைத் தடவிக் கொடுத்தது. அவனுடைய வண்டியை அவன் மனைவி எடுத்துக்கொண்டாள். ரொம்ப நாளாகவே அவளுக்கு அதில் ஒரு கண். தொடர் கிளம்பியது. இருபது வண்டிகளின் புழுதி வானத்தை முட்டியது. அதில் ஒரு துளியும் மங்கையர்க்கரசியின் முகத்தில் படவில்லை.

துருவத்துக்குப் பாதி வழியில், மணல்மேட்டைச் சரியான பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வானொலியில் ஜெபமணி அழைத்தார்.

“குமரகுரு எப்படி இருக்கான் டாக்டர்?”

“கவலைக்கிடமாத்தான் இருந்தாரும்மா. ஆஸ்பத்திரி இட்லியைக் கொடுத்தோம். அருமையா இருக்குன்னு சொல்லிட்டார். அந்த இட்லியை நல்லா இருக்குன்னு சொல்றவர் பிழைக்கிறது கஷ்டம்.”

“அய்யய்யோ! அப்புறம்?”

“மருந்து மாத்திப் பாத்தோம். அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் செய்தி இருக்குல்ல, அதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேளை படிக்கக் கொடுத்தோம். மொதல் வேளை சும்மா படிச்சார். ரெண்டாவது வேளைல எழுந்து உக்காந்துட்டார். மூணாவது வேளை, ‘தண்ணித் தொட்டியை மேல்மாடிக்காரங்கதான் கழுவணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு’ன்னு கத்திக்கிட்டே ஒரு பதில் எழுத ஆரம்பிச்சார். ரெண்டு பக்கம் எழுதிட்டுத்தான் நிறுத்தினார்.”

மங்கையர்க்கரசி பிடிமிதியை ஓங்கி மிதித்தாள். சக்கரங்கள் மணலைக் கவ்வின. பின்னால் பத்தொன்பது வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவ்வித் தொடர்ந்தன.

“யாருக்கு எழுதினான்?”

“பி பிளாக், மூணாவது மாடிக்காரருக்கு.”

“அந்த மனுஷன் செத்து இருநூறு வருஷம் இருக்குமே?”

“அதைச் சொல்லிப் பாத்தோம்மா. ‘செத்தா என்ன, தப்பு தப்புதானே’ங்கிறார். எழுதினதை அனுப்பிட்டு, அரை மணி நேரமாச் செய்தியையே பாத்துக்கிட்டிருக்கார். இன்னும் நீலக் குறி விழலையாம், வேணும்னே பாக்காத மாதிரி நடிக்கிறானாம். பல்லை நறநறன்னு கடிக்கிறார்.”

மங்கையர்க்கரசி இருக்கையில் நிம்மதியாகச் சாய்ந்தாள்.

“அப்ப பயமில்ல டாக்டர். நூறு போட்டு வீட்டுக்கு அனுப்புங்க.”